நகமளவு அந்துப்பூச்சி

வுச்சீரியா சந்தையில் பழைய சாமான் விற்பவரின் மேசையில் ஒரு கண்ணாடிப் பெட்டி கிடக்கிறது. உள்ளே நகமளவு அந்துப்பூச்சி ஒன்று ஊசியில் குத்தப்பட்டிருக்கிறது. என்னைச் சந்தைக்குக் கூட்டி வந்த மன்னார் மேரி அக்கா குனிந்து பார்க்கிறார்.

"உது எந்த ஊர்ப் பூச்சி, தங்கச்சி?"

அடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கிறேன். "பின்லாந்து அக்கா. ரஷ்ய எல்லைக் காடு. பிடிச்ச தேதிகூட இருக்கு."

அவர் மீன் பையைக் கீழே வைக்கிறார். "அந்தக் காட்டுக்குள்ளாலைதான் களவாய் எல்லை கடத்துற ஏஜென்சிக்காரன் என்ரை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனவன். நல்ல பனிக்குள்ளை. பிறகு ஒரு தகவலும் இல்லை. செத்த நாள் தெரியாமல் ஆண்டுப் பூசைக்கு எந்த நாளைக் குடுக்கிறது?"

விரலால் கண்ணாடியின் தூசியைத் துடைக்கிறார்.

"என்ன தேதி போட்டிருக்கு?"

"ஜூலை பத்து."

"அப்ப அவனை மூடின பனியும் உருகியிருக்கும்," என்கிறார். "பங்குச் சுவாமியாரிட்டை பூசைக்கு அந்த நாளையே சொல்லுறன்."