எண்பத்தைந்து மில்லிமீட்டரில் அக்கா

முகம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: எண்பத்தைந்து. பொய்யில்லை. அகல லென்ஸோடு கிட்டப்போய் எடுத்தால் மூக்கு வீங்கிக் காது பின்னால் ஓடிவிடும். எண்பத்தைந்தில் தள்ளி நின்று எடுக்கிறோம், முகம் முகமாக விழுகிறது. பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். இதைத்தான் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்வார்கள். கரைந்துபோவது யார் என்று ஒருவனும் கேட்டதில்லை.

கந்தப்பளையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம், இவைதான் பிழைப்பு. அந்த லென்ஸை வாங்கிய புதிதில் நுவரெலியாப் புடவைக்கடை முதலாளி ஒருவர் விளம்பரப் படம் கேட்டார். கொழும்பிலிருந்து ஒரு மாடல் பெண்ணைக் கூட்டி வந்தார். பின்னால் கொழுந்து பறிக்கும் பெண்கள் வேண்டுமாம், அவர்களுடைய முகம் மட்டும் வேண்டாமாம்.

"கலரா தெரிஞ்சாப் போதும் தம்பி. ஆளு தெரிஞ்சா எவன் சேலையப் பாப்பான்?"

எங்கள் தோட்டத்து மலையிலேயே எடுத்தோம். கொழுந்து பறிக்கும் பெண்களின் நிரையில் என் அக்காவும் நின்றாள்.

அக்கா என்னைப் படமெடுக்க விட்டதே கிடையாது. இங்கே பெண்கள் வேலைக் கோலத்தில் படத்துக்கு நிற்க மாட்டார்கள். இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு, விரலெல்லாம் கறை. வெள்ளைக்காரன் ரோட்டில் வேனை நிறுத்தி எடுத்துக்கொண்டு போவான், அதை யாரும் தடுக்க முடியாது. சொந்தத் தம்பி எடுப்பதென்றால் மட்டும் குளித்து, சேலை மாற்றி, பூ வைத்த பிறகுதான். அந்த நேரம் வரவே வராது. தீபாவளிக்குப் போனாலும் அடுப்படியில் நின்றுகொண்டு, "இரு, மூஞ்சி கழுவிட்டு வாறேன்" என்பாள். கழுவி முடிப்பதற்குள் அடுத்த வேலை வந்துவிடும்.

அன்று நிரையிலிருந்து கத்தினாள்.

"ஏன்டா, எங்க மூஞ்சி விழுமா?"

"விழாதுக்கா. கலரா மட்டுந்தான் தெரிவீங்க."

"அப்பச் சரி. அந்தப் புள்ள குளிருல நடுங்குது பாரு, சீக்கிரம் எடுத்து அனுப்பிவுடு."

பக்கத்தில் நின்றவள் விடவில்லை. "அந்தச் சேலைய ஒங்க அக்காவுக்குக் கட்டிவிட்டுப் பாரு தம்பி, மொதலாளி கடையச் சாத்திட்டு ஓடிருவாரு."

நிரை முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் அழுத்தினேன்.

சில மாதங்களில் அதே மலையில் குளவி கலைந்து நிரையில் நின்றவர்களைக் கொட்டியது. கூடு இருக்கிறது, அப்புறப்படுத்துங்கள் என்று பெண்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். பார்ப்போம் என்றார்கள் தோட்ட நிர்வாகத்தார். பார்த்தார்கள். அக்காவைக் கொழுந்து லொறியில் போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

சந்தியில் இரங்கல் பேனர் கட்டப் படம் வேண்டும். அக்காவின் கணவர், மச்சான், என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருக்கே போட்டோ புடிக்கிறவன் நீ. ஒங்கிட்ட இல்லாமலா போயிரும்?"

இல்லை. அடையாள அட்டையில் இருந்தது கல்யாணத்துக்கு முந்திய யாரோ ஒரு பிள்ளை. என்னிடம் இருந்தது புடவை விளம்பரம். மாடலின் இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிந்தது. அவள் தோளுக்குப் பின்னால் ஓர் ஆரஞ்சுத் தீற்றல், அதற்குக் கீழே ஒரு மாநிறத் தீற்றல். அதுதான் அக்காவின் தலைத்துணியும் முகமும்.

மங்கலைத் தெளிவாக்கும் செயலி ஒன்றில் போட்டுப் பார்த்தேன். அது ஒரு முகத்தைச் செய்து கொடுத்தது. வரிசையான பல், பெரிய கண். என்னைப் பார்த்துச் சிரித்தது. அது அக்கா இல்லை. யாரென்றும் தெரியவில்லை. உடனே அழித்தேன். இன்னும் சில ராத்திரி கனவில் அவள்தான் வருகிறாள், அக்கா வருவதில்லை.

பேனரில் அடையாள அட்டைப் படமே போனது. அக்கா மகள் அந்தத் தீற்றலைத்தான் கேட்டாள். மாடலை வெட்டிவிட்டுச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் மாட்டிக் கண்ணாடியில் பொட்டு வைத்தாள். பொட்டு எங்கே வைப்பது என்று வெகுநேரம் தடவிப் பார்த்தாள்.

போன மாதம் அவளுக்குக் கொழும்பில் வேலை கிடைத்தது. "அம்மாவோட ஒரு படம் எடுத்துத் தாங்க மாமா. போன்ல வச்சுக்குறேன்," என்றாள். சட்டத்துக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் நிற்க வைத்தேன். எண்பத்தைந்துக்கு அந்த அறை போதவில்லை. என் முதுகு எதிர்ச்சுவரில் முட்டியது. வாசலுக்கு வெளியே போய்ச் சாக்கடைக் கானில் ஒரு காலை வைத்து எடுத்தேன். அவள் முகம் அழகாக விழுந்தது. சட்டம் கரைந்துபோயிருந்தது.

"அம்மாவக் காணோமே மாமா."

கண்டிக்குப் போய் முப்பத்தைந்து கேட்டேன். கடைக்காரன் தலையாட்டினான். "முகத்துக்கு இது சரிவராது அண்ணே. பின்னால இருக்கிறதெல்லாம் தெரியும்."

"தெரியட்டும். அதுக்குத்தான் கேக்குறேன்," என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. லென்ஸை எடுத்துக் கொடுத்தான்.

மறுபடி எடுத்தேன், லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி. எல்லாம் கூராக விழுந்தது. சுவரின் புகைக்கரி, ஆணி, துணிக்கொடி, சட்டத்து மரத்தின் ரேகை, கண்ணாடியில் காய்ந்த பொட்டு. பொட்டுக்குப் பின்னால் அதே ஆரஞ்சு, அதே மாநிறம்.

அக்கா மகள் கேமராவை வாங்கிப் பார்த்தாள். "இப்ப எல்லாமே தெரியுது மாமா," என்றாள். பிறகு சட்டத்தை மட்டும் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். திரை முழுக்க மாநிறமான பிறகும் அவள் விரல் நிற்கவில்லை.