காது உடைத்த கேசட்

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. அதனால் பாட்டும் மோசம் என்று ஆவடியில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கும் மாட்டேன். மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்ததும் தபேலா சட்டென்று நின்றுவிடும், வயலின் ஒன்று மட்டும் தனியாகப் போகும். அந்த இடத்துக்காகவே அம்பத்தூர் எஸ்டேட்டில் நாளெல்லாம் லேத் மெஷின் முன்னால் நிற்கலாம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் பேச்சுதானே என்று தள்ள வேண்டாம். பாட்டு கேட்கப் பரீட்சை எழுத வேண்டியதில்லை.

ஆடியோ கம்பெனி போட்ட கேசட் கிடைக்கவில்லை. மார்க்கெட் பக்கத்து ரெக்கார்டிங் கடைக்காரர் தன்னிடமிருந்த இசைத்தட்டிலிருந்து ஒரு வெற்றுக் கேசட்டில் பதிந்து தந்தார். பிறகு அந்தத் தட்டையும் விற்றுவிட்டார். அன்றைக்கே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டேப் சிக்குமோ, வெயிலில் வளையுமோ என்று வேலையிலும் அதே நினைப்பு. எல்லாவற்றையும்விட, யாராவது சிவப்புப் பொத்தானை அமுக்கி அதன்மேல் வேறு எதையாவது பதிந்துவிடுவார்களோ என்ற பயம். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும், அவற்றைக் காது என்போம். காதை உடைத்துவிட்டால் பொத்தான் இறங்காது. ஆணியால் நெம்பி இரண்டையும் உடைத்தேன்.

அந்த வருடம் ஆவடிப் பக்கம் கோவில்பதாகையில் எங்கள் சபைக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் வந்தார். அவர் பேச்சைப் பதிய வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருந்தது. வீட்டில் என்னுடைய இரண்டு கேசட்தான். ஒன்று அது. மற்றது முந்தின நாள் வந்த புது ரிலீஸ். 'விரைவில்' என்ற போஸ்டரைப் பார்த்துப் பார்த்து ஊரே காத்திருந்த கேசட், நானும் முண்டியடித்துத்தான் வாங்கினேன்.

"அந்த ஊத்திக்கின படத்துப் பாட்டக் குடுறா" என்றார் அப்பா.

"அதுக்குக் காது இல்ல நைனா."

"பேப்பர உருட்டி ஓட்டையில வெச்சா காது வந்துட்டுப் போது. எனக்குத் தெரியாதா இன்னா?"

அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னதே கிடையாது.

"குடுக்க மாட்டேன்."

"தேவனோட வார்த்தையவிட உனக்கு அது பெருசா?"

"அது வேற, இது வேற நைனா. இது போனா திரும்பக் கிடைக்காது."

புது கேசட்டை எடுத்தேன். கம்பெனி கேசட் காது இல்லாமலேதான் வரும். இரண்டு ஓட்டையிலும் நானே பேப்பரைத் திணித்து அவர் கையில் கொடுத்தேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, டேப்ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பட்டறையில் கூட வேலை செய்கிறவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா மச்சான், மெட்ராஸே கேட்டுகினு கீற பாட்டு மேல பிரசங்கத்த ஏத்திக்கீற. லூசா நீ?"

"மெட்ராஸே கேக்குதுல்ல? நானும் டீக்கடையில நின்னு கேட்டுக்கிறேன். என்னுது எந்த டீக்கடையில பாடுது, சொல்லு."

"அடுத்த மாசம் அம்பத்தூருக்கு ஆர்கெஸ்ட்ரா வருது. உன் பாட்டப் பாடுவானா அவன்?"

"பாட மாட்டான். அதான் காத ஒடச்சு வெச்சுகீறேன்."

அடுத்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். அப்பா பிரசங்கத்தைப் பெருமையாகப் போட்டார். பிரசங்கியார் டேப் தீருவதற்கு முன்பே பேசி முடித்திருந்தார் என்பதை யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி "ஆமென்" என்றார்கள். மறுநொடி தவிலும் விசிலுமாகப் புது ரிலீஸின் அழியாமல் மிஞ்சிய கடைசிக் குத்துப்பாட்டு கிளம்பியது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா பாய்ந்துபோய் நிறுத்தினார்.

எல்லோரும் போனபிறகு பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"உன் பாட்டா இருந்தா இவ்ளோ கூச்சல் இருந்திருக்காது."

"அதத்தான் நைனா நான் ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன்."