நெறி கட்டல

எங்க வீட்டு எரவாணத்துல ஒரு கொட்டாங்குச்சி சொருகியிருக்கு. அம்மா அரைச்சு வச்ச மருதாணி அதுல காஞ்சு ஒட்டிக் கெடக்கு. நடவு நாள்ல சேத்துல நின்னு நின்னு கால் வெரலிடுக்கெல்லாம் வெந்துபோகும், வீட்டுக்கு வந்ததும் அதத்தான் அம்மா அப்பிக்கும். நடவாளுங்களுக்கு ஒரு வழக்கம். புண்ணுல விஷம் ஏறியிருந்தா தொடையிடுக்குல நெறி கட்டும். தொட்டுப் பாத்து, பாக்காட்டம் உருண்டா வைத்தியம். இல்லன்னா மறுநாளும் வயலுக்குத்தான்.

அம்மாவுக்கு வெள்ளப்பட ஆரம்பிச்சு, அப்புறம் நாத்தமும் ரத்தமுமா ஆனப்பவும் அதே வழக்கந்தான். தொட்டுப் பாத்துட்டு, "நெறி கட்டலடி, வெறும் சூடுதான்"னு வெந்தயத்த ஊறப்போட்டுச்சு. ரெண்டு நடவு அப்படியே போச்சு. அப்பா குத்தகை நெலத்த விடமாட்டேன்னு கோர்ட்டுக்கும் கட்சி ஆபீஸுக்கும் அலைஞ்சுக்கிட்டிருந்தாரு. எவனோ வரப்ப அரை அடி தள்ளி வெட்டினதுக்கு ஊரே மம்பட்டியோட கூடுச்சு. அம்மா துணி அலசுன வாய்க்காத் தண்ணி செவப்பாப் போனதுக்கு ஒருத்தர் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கர்ப்பப்பை வாயில புத்துன்னாங்க. நெறியே கட்டலயேங்கன்னு நர்ஸம்மாகிட்ட சண்டைக்குப் போனேன். அவங்க பொறுமையா சொன்னாங்க: "தோலுக்குள்ள காவக்காரன் மாதிரி செல்லு இருக்கும்மா. கிருமியப் புடிச்சு நெறிக்குக் கொண்டுபோய்க் காட்டும், அங்கேந்துதான் சண்டைக்கு ஆளு கெளம்பும். இந்தக் கிருமி மேல்தோலுலயே ஒண்டிக்கிட்டு அந்தக் காவலயே கொறச்சுடும். சேதி போகலன்னா நெறி எங்க கட்டும்?" நெறைய பேருக்கு ஒடம்பே சுதாரிச்சு அத வெரட்டிடுமாம். அம்மா ஒடம்பு சுதாரிக்கல. புருஷன் பொஞ்சாதி சேர்க்கையில ஒட்டுறது, வருஷக்கணக்கா சத்தமில்லாம கெடக்கும், யாரு மேலயும் பழி சொல்ல முடியாதுன்னாங்க. ஊரு சொல்லுச்சு. அப்பா மேல இல்ல, அம்மா மேல. செத்த பின்னாடியும்.

இந்தக் குறுவையில எனக்குக் கால்ல கருவமுள்ளு ஏறுச்சு. மறுநாளே நெறி கட்டிடுச்சு. ஒரு முள்ளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். அம்மாவுக்கு மட்டும் எங்கடா போனீங்க காவக்காரனுங்களான்னு என் ஒடம்பு மேலயே எரிச்சலா வந்துச்சு. மருதாணி இருக்கான்னு கேட்டுக்கிட்டு வந்த சின்னம்மா, என் நெறியத் தொட்டுப் பாத்துட்டு, பேச்சோட பேச்சா, "எனக்கும் ஆறு மாசமா வெள்ளப்படுது, நல்லவேள நெறி ஒண்ணும் கட்டல"ன்னுச்சு.

"அம்மாவுக்கும் கட்டல சின்னம்மா. நாளைக்கு நடவு கெடக்கட்டும், தஞ்சாவூர் பஸ்ஸுக்கு வா."

சின்னம்மா கேட்ட மருதாணிக்காக கொட்டாங்குச்சிய எறக்கிப் பாத்தேன். அம்மா வழிச்சு எடுத்த ஒத்த வெரல் தடம் மருதாணியில அப்படியே இருக்கு. அந்த வெரலாலதான் தொட்டுப் பாத்து, ஒண்ணுமில்லன்னு சொல்லுச்சு.