கல்யாணராமன் சாமி இறந்த வருஷம்

தான் இறந்துபோன வருஷத்தைத் தன் காதாலேயே கேட்ட மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அதை வாசித்துச் சொன்ன பாவி நான். 

எஸ். கல்யாணராமன். திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரம். கணக்குத் தணிக்கை ஆபீஸில் உட்கார்ந்து, ஊரான் கணக்கில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்து ரிட்டயர் ஆனவர். ஆரியசாலையில் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே இன்டர்நெட் சென்டர் வைத்திருந்த என்னிடம் அவர் வந்தது 2009-இல், எழுபத்தேழு வயதில். அமெரிக்காவிலிருக்கும் மகள் பிரேமா லீவுக்கு வந்தபோது ஒரு ஈ-ரீடர் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாமிக்கு அச்சுப் புத்தகத்தின் பொடி எழுத்து தெரிவதில்லை. இதில் எழுத்தைப் பெரிசாக்கிக்கொள்ளலாம்.

"வன்னியராஜ், இதுக்குள்ள தமிழ் புஸ்தகம் ஏத்தித் தரணும். விலைக்கு வாங்கலாம்னா இதுல தமிழே விக்கறதில்லையாம். ஓசில கெடைக்கறது போறும். ஆனா திருட்டுச் சரக்கு வேண்டாம், கேட்டியா?"

என்னிடம் ஒரு சிடி நிறைய ஸ்கேன் பண்ணிய நாவல்கள் இருந்தன. நீட்டினேன்.

"எழுதினவா சம்மதம் இருக்கோ?"

"அதையெல்லாம் யாரு சாமி கேக்கா?"

"நான் கேக்கறேன்."

சிடியை மேஜைக்குள் போட்டுவிட்டுத் தேடினேன். பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து இலவசமாகப் போடும் தொண்டர்களின் தளம் ஒன்று கிடைத்தது. எழுதியவர் இறந்து அறுபது வருஷம் கழிந்துவிட்டால் புத்தகம் பொதுச்சொத்து. இல்லாவிட்டால் எழுதியவரே மனமுவந்து கொடுக்க வேண்டும். இந்த இரண்டு வகையை மட்டும்தான் அவர்கள் போடுவார்கள். சாமிக்குப் பரம திருப்தி. ஆனாலும் ஆபீஸ் புத்தி போகுமா? ஒவ்வொரு புத்தகத்துக்கும், "இவர் எப்போ போனார்?" என்று கேட்பார். நான் வாசிப்பேன். மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அறுபது ஆச்சு. ஏத்து" என்பார்.

"சாமி, எமன் கணக்கையே தணிக்கை பண்ணுறீங்க" என்று சிரிப்பேன்.

அப்படித்தான் ஒருநாள் வாசித்துக்கொண்டே வந்தேன். "ஆற்றோடு போன குடை. நாவல். ஆசிரியர் எஸ். கல்யாணராமன், திருவனந்தபுரம். சாமி, உங்க பேருக்காரரு ஒருத்தர். பிறப்பு 1868, இறப்பு 1941. அறுபது தாண்டியாச்சு. ஏத்தட்டா?"

 திரும்பிப் பார்த்தேன். நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அது நான் எழுதினதாக்கும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாள் பழகிய மனிதர், தான் எழுதியவர் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. 1963-இல் எழுதி, சாலைக் கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் கைக்காசைப் போட்டு அச்சடித்திருக்கிறார். ஒருவரும் சீந்தவில்லை. கோபத்தில் கட்டுக் கட்டாகப் பழைய பேப்பர்காரனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பேனாவைக் கையெழுத்துப் போட மட்டுமே எடுத்திருக்கிறார்.

1941-இல் இறந்தவர் அவருடைய தாத்தா. அவரும் எஸ். கல்யாணராமன்தான். அவர்கள் வழக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். கல்யாணராமனின் மகன் சுப்ரமணியன், சுப்ரமணியனின் மகன் மறுபடியும் கல்யாணராமன். பெயரும் இனிஷியலும் ஒரு தலைமுறை விட்டு அப்படியே திரும்பி வரும். தாத்தா பக்திப் பாடல்கள் எழுதி அச்சிட்டவர், நூலகங்களில் பெயர் உண்டு. தொண்டர்களுக்கு எங்கோ கிடைத்த நாவல் பிரதியில் அட்டையில் பெயர் மட்டும் இருந்தது; முதல் தாள் இல்லை, வருஷமும் இல்லை. பேரனைக் கொண்டுபோய்த் தாத்தா கணக்கில் எழுதிவிட்டார்கள்.

"சரி, ஏத்தட்டா சாமி?"

"கூடாது. எழுதினவன் உயிரோட இருக்கான். சம்மதம் குடுக்கலை. இது சட்டப்படி தப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சம்மதம் குடுக்க வேண்டியவரே நீங்கதானே?"

"முதல்ல தப்பைத் திருத்தட்டும்." அங்கேயே ஒரு மெயில் சொல்லி எழுத வைத்தார்.

பதில் மரியாதையாகத்தான் வந்தது. புத்தகத்தை உடனே எடுத்துவிட்டார்களாம். அவர்தான் ஆசிரியர் என்பதற்கு ஏதாவது சான்று அனுப்பினால், அவர் அனுமதியோடு திரும்பப் போடுவார்களாம். சாமியிடம் சான்று ஏது? ஒரு பிரதிகூட இல்லை. அந்த நாவலில் ஒரு பக்கத்தைக்கூட அவர் இறக்கிப் படிக்கவில்லை.

"நாப்பத்தாறு வருஷம் கழிச்சுத் தானா வந்துது. நானே அடிச்சுத் தொரத்திட்டேன்" என்றார். ஈ-ரீடரை மேஜையிலேயே மறந்துவிட்டு எழுந்து போனார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஈ-ரீடரைக் கொடுக்க மறுநாள் கரமனைக்குப் போனேன். அவர் மனைவி பார்வதியம்மாள் மாமி காபி கொண்டுவந்தார். சாமி அவரிடம் மூச்சு விடவில்லை என்று எனக்குத் தெரியாது. "சாமி செத்துட்டாருன்னு போட்டுட்டான் மாமி, முதல் தாள் இல்லாததால வந்த வினை" என்று உளறிவிட்டேன்.

மாமி கையிலிருந்த டம்ளர் விழுந்தது. காபி தரையெல்லாம் ஓடியது, அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. உள்ளே போனவர் தன் கல்யாணக் கூறைப்புடவையைக் கொண்டுவந்து மடிப்பைப் பிரித்தார். நடுவில் பழுத்துப்போன ஒற்றைத் தாள். நாவலின் பெயர், ஆசிரியர் பெயர், 1963. அடியில் மசியால், 'பார்வதிக்கு' என்று சாமியின் கையெழுத்து.

"எல்லாத்தையும் எடைக்குப் போட்டேள். ஒண்ணை மட்டும் நான் ஒளிச்சு வெச்சேன். ஆத்துல இருந்தா அதையும் போட்டுடுவேள்னு லைப்ரரிக்குக் குடுத்துட்டேன். எம் பேர் இருக்கற தாளை ஊர்ல நாலு பேர் பாக்கப்படாதுன்னு கிழிச்சு வெச்சுண்டேன்." மாமி தாளைச் சாமியிடம் நீட்டினார். "உங்களைச் சாகடிச்சது நானாக்கும்."

சாமி அந்தத் தாளை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார். "நீ படிச்சியோ அதை?"

"மனப்பாடம்."

அவர் அந்தத் தாளை என் கையில் கொடுத்தார். 

தாளைப் படமெடுத்து, அனுமதிக் கடிதத்தோடு அனுப்பினோம். அடுத்த வாரம் புத்தகம் திரும்ப வந்தது. ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். சாமி எழுத்தைப் பெரிசாக்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். எஸ். கல்யாணராமன், 1932, ஒரு கோடு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் காலியா இருக்கே" என்றார். தணிக்கைக்காரர் அல்லவா.

"இருக்கட்டும்" என்றார் மாமி. "அது என்ன அவசரம்? முதல்ல புஸ்தகத்தைப் படிச்சு முடிங்கோ."