"எங்கே போகிறீர்கள்?" என்று கேட்ட கார்க்காரர்

லண்டன் எட்மண்டனில் பழைய கார் விற்கும் ஒரு கடை. சின்னம்மா சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கடதாசிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடிக்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் கார்க்காரர் ஒன்றும் விளங்காமல் விழிக்கிறார். இந்தக் காட்சியை நான் நடித்துக் காட்டாத கலியாண வீடு எங்கள் சொந்தத்தில் கிடையாது. பேரம் பேசுவதில் சின்னம்மாவை வெல்ல ஆளில்லை என்ற பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பிள்ளைகள் இல்லை. அவரும் சித்தப்பாவும் ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு, வயது போகிற காலத்தில் இனசனத்துக்குப் பக்கத்தில் இருப்போம் என்று லண்டனுக்கு வந்து பிளேஸ்டோவில் குடியேறினார்கள். வந்த கொஞ்சக் காலத்திலேயே சித்தப்பாவின் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். போகும்போது பகிடி விட்டுக்கொண்டு போகிற மனிதர், திரும்பும்போது பிழிந்து போட்ட துணி மாதிரி வருவார். ஒரு நாள் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்தார். அதோடு சின்னம்மா ஒற்றைக் காலில் நின்றார், கார் வேண்டும் என்று. ஜெர்மனியில் எடுத்த லைசென்ஸ் அவரிடம் இருந்தது. கார் வாங்கினால் அவரைத் தானே ஏற்றி இறக்கலாம்.

ஆங்கிலம் பேச என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைத்த வயது. பேரம் பேசும் வித்தைகளை எல்லாம் இன்டர்நெட்டில் படித்துவிட்டுப் போய், டயரைக் காலால் உதைத்தேன், பானெட்டைத் திறந்து ஒன்றும் புரியாமலே உதட்டைப் பிதுக்கினேன். சாம்பல் நிறக் கார், கதவில் நீளமாக ஒரு கீறல். ஆனால் முன் இருக்கை நல்ல உயரம், சித்தப்பா குனியாமல் ஏறி உட்காரலாம். அதைக் கண்டதும் சின்னம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைக் கார்க்காரரும் பார்த்துவிட்டார். பிறகு என் வித்தை எங்கே எடுபடும்? இரண்டாயிரம் பவுண்டு, ஒரு சதமும் குறையாது என்றார். சின்னம்மாவிடம் இருந்ததோ ஆயிரத்து அறுநூறு. நான் விடாமல் வாய் வலிக்கப் பேசினேன். அவர் அசையவில்லை. கடைசியில் சின்னம்மா, "காணும் பிள்ளை. வா, வெளிக்கிடுவம்" என்று எழும்பிவிட்டார்.

வாசல் வரை வந்துவிட்டோம். பின்னால் இருந்து கார்க்காரர், "வேர் ஆர் யூ கோயிங்?" என்றார். கடைக்காரர் எவரும் கேட்பதுதான். ஆனால் வாசலில் கால் வைத்த யாழ்ப்பாணத்து மனுசியிடம் எங்கே போகிறாய் என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் உருப்படாது. திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்பட வேண்டும். சின்னம்மாவின் முகம் வெளிறிப் போயிற்று. "கேட்டுப்போட்டான், பாவி" என்று முணுமுணுத்தபடி திரும்பி வந்து அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "பிள்ளை, தண்ணி கேள்."

கேட்டேன், கொண்டுவந்து கொடுத்தார். சின்னம்மா ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். உதடு மட்டும் "முருகா, முருகா" என்று அசைந்தது. இது என்ன வகைப் பேரம் என்று அந்த மனிதருக்குப் பிடிபடவில்லை. சற்றுப் பொறுத்து, ஆயிரத்து எண்ணூறு என்றார். சின்னம்மா கண் திறக்கவில்லை. ஆயிரத்து எழுநூறு, அதற்குக் கீழே தன்னால் இயலாது என்றார். சின்னம்மா இன்னொரு வாய் குடித்தார். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கார்க்காரர் பெருமூச்சு விட்டு ஆயிரத்து அறுநூறு என்றதும் நான் பாய்ந்து "ஓகே" என்றேன். சின்னம்மா கண்ணைத் திறந்து, "என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் காரில் சித்தப்பா ஐந்து வருடம் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். அவர் போன பிறகு சின்னம்மா காரை விற்றுவிட்டு, செவன் கிங்ஸில் எங்களோடு வந்து இருக்கிறார். போன மாதம் நான் கார் வாங்கப் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது எல்லாம் வேறு மாதிரி. பளபளக்கும் கண்ணாடிக் கடை, கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞன், கம்ப்யூட்டர் சொல்வதுதான் விலை. எனக்கு அந்தப் பழைய எட்மண்டன் கடையும் அந்த மனிதரின் முழியும் நினைவுக்கு வந்து ஏக்கமாக இருந்தது. "சின்னம்மா, தண்ணி கேக்கட்டோ? ஒரு ஆயிரமாவது குறைப்பான்" என்றேன்.

வழக்கமாகச் சிரிப்பவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"நீயும் ஊரெல்லாம் சொல்லித் திரியிறாய். நான் என்ன காருக்கோ திரும்பி வந்து இருந்தனான்? கார் சரிவராது எண்டு விட்டுப்போட்டெல்லோ எழும்பினனான். அண்டைக்கு அங்கையிருந்து நேரை ஆஸ்பத்திரிக்கு, உன்ரை சித்தப்பாவைக் கூட்டிவர வெளிக்கிட்டனாங்கள். அவரிட்டைப் போகேக்கை ஒருத்தன் எங்கை போறியள் எண்டு கேட்டால், இருக்காமல் என்னெண்டு போறது?"

அன்று டயாலிசிஸ் நாள் என்பதே என் நினைவில் இல்லை. சின்னம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுப் போனபடியாத்தான் அவர் எனக்கு இன்னும் அஞ்சு வருசம் இருந்தவர்."

அந்த இளைஞன் சொன்ன விலைக்கே காரை வாங்கினேன். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.