சவுத் எண்டைக் காலி செய்த லாரிக்காரர்

நெலிஸ் ஜாஃப்தா எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தது ஒரு புதன்கிழமை. எழுபத்தாறு வயது. மினிபஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அந்தப் பெரிய புகைப்படத்தின் முன்னால் போய் நின்றார்.

"மினா, இதக் கழட்டிடு."

"எதுக்கு மாமா?"

"வெள்ளிக்கிழமை பேத்தி கிளாஸோட வர்றா. பார்த்திடுவா."

படத்தில் சவுத் எண்டின் வால்மர் ரோட்டில் ஒரு லாரி. மேலே மெத்தைகளும் ஒரு அலமாரியும். ஜன்னல் வழியே தலையை நீட்டி ஓட்டுநர் சிரிக்கிறார். கீழே 'ஓட்டுநர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தோம். அது நெலிஸ்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அலமாரி என் அம்மாவுடையது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாங்கள் குடியிருந்த சவுத் எண்ட் இனி வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று நிறவெறி அரசாங்கம் அறிவித்தபோது நெலிஸ் மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய முதலாளி வீடு காலி செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டார். "ஓட்டுறியா, இல்ல சாவியக் குடுத்துட்டுப் போறியா?" என்று ஒரே கேள்விதான். வீட்டில் மூன்று குழந்தைகள். பிறந்து வளர்ந்த தெருக்காரர்களை வீடு வீடாக ஏற்றி, ஊருக்கு வெளியே எங்களுக்கு ஒதுக்கிய கெல்வன்டேலில் இறக்கினார். கடைசி நடையில் ஏற்றியது தன் வீட்டை.

அங்கேயும் அதே அக்கம்பக்கம்தான். யாரும் முகம் கொடுக்கவில்லை. மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. அவர் மனைவி கேத்தி அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகளிடம் இதைப் பற்றி அவர் இதுவரை வாயே திறக்கவில்லை.

"மாமா, இதக் கழட்ட முடியாது. இது எங்க கதையும்தான்."

"உன் கால்ல விழறேன்."

அதற்குள் படத்தின் சட்டத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார். திருகாணி போட்டு இறுக்கியிருந்தது, அசையவில்லை. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஐம்பது வருடமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "ஏன் சிரிச்சீங்க? எங்கம்மா அங்கதான் நின்னு அழுதுகிட்டிருந்தாங்க."

"எவனோ கேமராவ நீட்டினான். இருபத்தாறு வயசு எனக்கு. சிரிச்சுட்டேன்."

கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்த பிள்ளைகளில் ஒருத்தி அந்தப் படத்தை விட்டு நகரவேயில்லை. மூக்கைப் பார்த்ததும் யார் பேத்தி என்று தெரிந்துவிட்டது. பெயர் ஷெனே.

"ஆன்ட்டி, இவரு எங்க தாத்தா மாதிரியே இருக்காரு. இது யாரு?"

பொய் சொல்ல நாக்கு வரவில்லை, உண்மை சொல்லவும் வரவில்லை. "வீட்ல போய்க் கேளும்மா" என்றேன். நான் செய்த தப்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மனம் கேட்காமல் கெல்வன்டேலுக்குப் போனேன். வாசற்படியில் ஷெனே உட்கார்ந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது.

"அது நான் இல்லவே இல்லன்னாரு. அப்புறம் ரூமுக்குள்ள போனவருதான். ரெண்டு நாளா சாப்பிடல."

கதவைத் தட்டினேன். "மாமா, நான் மினா. உங்க மேல எனக்குக் கோபம் இல்ல."

சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"போயிடும்மா," என்றது குரல்.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.