நடுவில் மாட்டிய லேசர்

போன வாரம் எனக்கு இரண்டு தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து அழைப்புகள் வந்தன. கிள்ளானிலிருந்து அக்கா, செலாயாங்கிலிருந்து தங்கை மல்லிகா. ஒரே ஞாயிறு. ஒரே பன்னிரண்டு மணி. இரண்டு வீட்டிலும் நெய்ச்சோறு, மட்டன் பிரட்டல்!

பேசி வைத்துக்கொண்டார்களா? அதுதான் கிடையாது. போன தீபாவளியில் மல்லிகா சுட்ட முறுக்கைக் கடித்துவிட்டு, 'பல் செட் இலவசமா?' என்று அக்கா கேட்கப்போய்... அன்றோடு பேச்சு நின்றது.

இங்கே மலேசியாவில் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னிப்பு உண்டு. ஓப்பன் ஹவுஸுக்குப் போகாவிட்டால் கிடையாது. சொந்தக்காரர்கள் எந்த வீட்டுக்குப் போவார்கள்? இந்த ஞாயிறோடு குடும்பம் இரண்டு கட்சியாகிவிடும் என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அக்கா மகள் யாழினியைப் பிரிக்ஃபீல்ட்ஸ் டீக்கடைக்கு வரச்சொன்னேன். லேசர் ஆராய்ச்சி செய்கிறவள். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் இடையே அவளும்தான் தவிக்கிறாள். தே தாரிக் வருவதற்குள் கதையைக் கொட்டினேன். சிரிக்கிறாள்!

"மாமா, இது எங்க லேப்ல தினம் நடக்குறதுதான் லா."

லேசர் என்றால் ஒழுங்கான வெளிச்சம் என்றுதானே நினைத்திருந்தோம்? அதன் வெளிச்சத்தையே கண்ணாடி வைத்து அதன்மேல் திருப்பிவிட்டால் தாறுமாறாக ஏறி இறங்குமாம். அடுத்து என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். (எங்கள் வீட்டுப் பெண்களேதான்!) ஒரே ரகத்து லேசர் மூன்றை வரிசையாக வைத்து, பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை வெளிச்சத்தைப் பரிமாறிக்கொள்ளும்படி செய்தால்... இரண்டு ஓரங்களிலும் இருப்பவை ஒன்றையொன்று பார்க்காமலே, ஒரே கணத்தில், அச்சு அசலாகக் குதிக்குமாம்.

"தாறுமாறு அடங்காது மாமா. ரெண்டும் சேர்ந்து தாறுமாறா இருக்கும்."

"நடுவுல இருக்குறது?"

"அது கொஞ்சம் லேட்டா அதையே செய்யும். அதுதான் நீங்க. தேதி வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உங்களைக் கேட்டாங்களா?"

கேட்டார்கள். 'எந்த ஞாயிறு தோதுப்படும்?' என்று இருவருமே கேட்டார்கள். இருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். பிரட்டல் சாப்பிட்டு நாளாச்சு என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன்!

"அப்ப நான் ஒதுங்கிட்டா சரியாயிடுமா?"

"லேசரா இருந்தா ரெண்டும் பிச்சுக்கிட்டுப் போயிடும். ஆனா லேசருக்கு உங்க மேல பாசம் இல்லையே? நாளைக்கு ஒரு நாள் போனை அடைச்சு வைங்க மாமா."

அடைத்து வைத்தேன். மறுநாள் முழுக்க அடைத்த போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். நிஜமாகவே பிய்த்துக்கொண்டு போய்விட்டால்? இருந்த ஒரே இணைப்பையும் நானே அறுத்த மாதிரி ஆகிவிடாதா?

சாயங்காலம் யாரோ கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்கள். திறந்தால்... அக்கா. பக்கத்தில் மல்லிகா!

என் போன் போகவில்லை என்றதும் அக்கா செலாயாங்குக்கு அடித்திருக்கிறாள். லைன் எங்கேஜ். ஏன் எங்கேஜ்? அதே நேரத்தில் மல்லிகா கிள்ளானுக்கு அடித்துக்கொண்டிருந்தாள்! ஒருவழியாக லைன் கிடைத்ததும், "தம்பி அங்க இருக்கானாடி?" என்று அக்கா கேட்க, மல்லிகா அழுதேவிட்டாளாம். ஆளுக்கொரு திசையிலிருந்து ஓடிவந்து, கீழே லிஃப்ட் வாசலில் சேர்ந்துகொண்டார்கள்.

"போனை ஏன்டா அடைச்சு வச்ச?"

"போனை ஏன்ணே அடைச்சு வச்ச?"

ஒரே நேரத்தில், ஒரே சுருதியில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியதால் என்று நினைத்து இன்னும் திட்டினார்கள்.

ஓப்பன் ஹவுஸ்? லிஃப்டிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். அதே ஞாயிறு, அதே பன்னிரண்டு மணி... என் வீட்டில்! வீட்டுக்காரனுக்குத்தான் கடைசியில் தெரிந்தது.

சண்டை ஓய்ந்தால்தான் குடும்பம் ஒன்றாகும் என்று யார் சொன்னது? இந்த வீட்டில் ஒருநாளும் ஓயாது. ஞாயிறன்று பிரட்டலில் உப்பு போதாது என்பாள் ஒருத்தி, அதிகம் என்பாள் இன்னொருத்தி. சொல்லட்டும்... ஒரே அடுப்பங்கரையில் நின்று சொல்லட்டும்!